அயலவரின் வாசல்

ஒரு ஜும்ஆ நாள். குத்பா ஆரம்பமாகிவிட்டது. பள்ளிவாசல் ஒழுங்கையில் வாகனம் நிறுத்த இடமில்லை. அரை மணி நேரம்தானே என்று ஒரு வீட்டுக் கேட்டை மறித்து வேனை நிறுத்திவிட்டுத் தொழச் சென்றேன்.

திரும்பியபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றார். கார் உள்ளே அடைபட்டிருக்க, மூச்சு முட்டிய தம் உம்மாவைக் கதிரையில் வைத்துப் பெருந்தெரு வரை தூக்கிச் சென்று, முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

"தொழுகையைக் குழப்பக் கூடாதெண்டு கூப்பிடல்ல மௌலவி" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ், உம்மா சுகமடைந்தார்.

பாதையிலுள்ள தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று வகுப்பில் கற்பிப்பவன் நான். அன்று அந்தத் தொல்லையே நான்தான்! அடியானுக்குச் செய்த அநீதிக்கு அல்லாஹ்விடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதாது. அவரிடமும் கேட்டேன்.

இப்போது ஜும்ஆவுக்கு நேரத்தோடு நடந்தே போகிறேன்.