வளைந்த சிறகு

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம் தம்பி மர விமானமொன்றைக் கொணர்ந்து எம்முன் வைத்தான். எம் பாட்டனார் பல்லாண்டுகட்கு முன் கலியாண முருங்கைக் கட்டையிற் செதுக்கி எமக்களித்த 'கோர்சேர்' என்னும் கப்பற்படை விமானம் அது. மூக்கிலிருந்த சுழல்விசிறி முறிந்து போயிருந்தது. "அண்ணா, விசிறி ஒட்ட வேண்டாம், ஜெட் ஆக்கித் தாருங்கள்" என்றான்.

தமிழ் ஆனர்ஸ் பயில்வோர்க்கு இவ்வேலை எதற்கென்று நண்பர் நகைக்கக்கூடும். சொற்குப் பொருள் கேட்டுப் பழகிய மனம் சிறகின் வளைவுக்கும் காரணம் கேட்டது, அவ்வளவே.

அமெரிக்காவின் வாட் கம்பெனியார் இயற்றிய கோர்சேர் 1940 மே 29 இல் முதன்முதற் பறந்தது. 18 உருளைகளும் ஏறக்குறைய 2000 குதிரைச் சக்தியும் உடைய அதன் இயந்திரத்திற்கு 13 அடிக்கு மேற்பட்ட குறுக்களவுள்ள விசிறி வேண்டியிருந்தது. அத்துணைப் பெரிய விசிறி தரையில் மோதாதிருக்க விமானம் உயர்ந்து நிற்றல் வேண்டும். கால்கள் நெடியவாயினோ, கப்பல் தளத்தில் விழுவதுபோல் வந்திறங்குங்கால் அவை ஒடியும். ஆதலின் சிறகை முதலிற் கீழே தாழ்த்திப் பின் மேலே உயர்த்தி, தாழ்ந்தவிடத்திற் குறுங்கால்களைப் பொருத்தினர். சிறகு உடலோடு செங்கோணமாய்ச் சேர்தலாற் காற்றின் தடையுங் குறைந்தது.

விசிறி போயிற்றேல் வளைவின் முதற் காரணமும் போயிற்று. விமானியின் கண்ணுக்குத் தளத்தை மறைத்த நெடுமூக்கையுங் குறைக்கலாம். வாற்சக்கரமும் ஆகாது, ஜெட்டின் அனல்மூச்சு தளத்தைச் சுடுமன்றோ! ஆங்கிலேயரின் 'அட்டாக்கர்' என்னும் ஜெட், 'ஸ்பைட்ஃபுல்' என்ற விசிறி விமானத்தின் சிறகையே பூண்டு 1946 இற் பறந்தது, வாற்சக்கரத்தையும் விட்டிலது. பழந்துருத்தியிற் புது இரசமென்றே எமக்குத் தோன்றிற்று. வாட் கம்பெனியார் அவ்வாண்டே பறக்கவிட்ட 'பைரட்' என்னும் தம் முதல் ஜெட்டுக்கு நேர்ச்சிறகே வைத்தனர். 1965 இற் பறந்த அவர்தம் 'இரண்டாம் கோர்சேர்' பழம்பெயரைக் காத்ததேயன்றி வளைவைக் காத்திலது.

ஆகவே சிறகை நேராக்குதலே முறையென்று துணிந்து கத்தியை எடுத்தோம். எடுத்த கை ஓடவில்லை. அவ்வளைவைச் சீவிச் சீவிப் பாட்டனார் எத்தனை கட்டைகளைப் பாழாக்கினார் என்பதைச் சிறுபருவத்தில் அருகிருந்து கண்டவர் யாம். இப்பொழுது அவர்க்குக் கண்பார்வை மங்கிவிட்டது. எப்பொருளையும் தடவியே அறிகின்றார்.

மூக்கை மட்டும் அறுத்துத் துளையிட்டோம். வாலின் கீழும் ஒரு துளை. முன்னே ஒரு சிறு சக்கரம். சிறகைத் தொட்டிலோம். "வளைவுக்குத்தான் காரணமில்லையே!" என்று தம்பி பிழை காட்டினான். அவன் சொன்னது மெய்யே.

மறுநாள் விமானத்தைப் பாட்டனார் கையிற் கொடுத்தோம். விரல்கள் சிறகின்மேல் நகர்ந்து வளைவில் நின்றன. "என் கோர்சேர்" என்றார். பின் மூக்கிற்கு வந்த விரல் துளைக்குள் நுழைந்தது.

"விசிறி எங்கேடா?"

ஜெட் இன்னதென விளக்கத் தொடங்கினோம். மாலை ஆராதனைக்கு மணியடிக்குமளவும் அவர் வினவிக்கொண்டேயிருந்தார்.