பருத்த மூங்கிலும் துணிக்கயிறும்

மாடியில் பாகல் போடுகிறவர்கள் கொடி தாராளமாக ஏறட்டும் என்று நல்ல பருத்த மூங்கிலாகப் பார்த்து ஊன்றுவார்கள். பாகல் அதைச் சட்டை செய்யாது. பக்கத்திலிருக்கும் துணிக்கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டு தன்பாட்டுக்குப் போய்விடும்.

குற்றம் கொடியினுடையது அல்ல. அதன் கணுவிலிருந்து கிளம்பும் பற்றுக்கம்பி நூலளவுதான். மெல்லிய குச்சியோ கயிறோ பட்டால் சில நிமிடங்களிலேயே வளையத் தொடங்கிவிடும். மூங்கிலை வளைத்துப் பிடிக்க அதற்கு நீளம் போதாது.

பிடித்த பிறகு நடப்பதுதான் விசேஷம். கொடிக்கும் குச்சிக்கும் நடுவே மிஞ்சிய கம்பி, பேனா ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு கொடியைக் கிட்டே இழுத்துக்கொள்ளும். உற்றுப் பார்த்தால் பாதிச் சுருள் ஒரு பக்கமும் மீதி எதிர்ப்பக்கமும் திரும்பியிருக்கும். இடையில் நேரான சிறு துண்டு. இரு முனையும் பிணைந்த கம்பி ஒரே பக்கமாகச் சுருண்டால் முறுக்கேறிப்போகும். திசை மாறுவதால் முறுக்கு கழிந்துவிடுகிறது. ஆடிக்காற்று உலுக்கினாலும் சுருள் நீண்டு கொடுக்கும், சட்டென்று அறாது.

அவரைக்கும் சங்குப்பூவுக்கும் இப்படிக் கை கிடையாது. தண்டே சுற்றி ஏறும். பிடி கிடைக்கும்வரை நுனி காற்றில் வட்டமிட்டுத் தேடும். உடம்புக்கு முடியாமல் அறையில் அடைந்துகிடந்த டார்வின், ஹாப் கொடியைத் தொட்டியில் வைத்து இந்த வட்டத்தைக் கணக்கெடுத்தார். சராசரியாகச் சுற்றுக்கு 2 மணி 8 நிமிடம். ஏறுகொடிகளைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1865இல் வெளிவந்தது. தண்டால் சுற்றும் இந்த ஜாதிக்கு நெட்டுக்குத்தான கழி வேண்டும்; படுக்கைக் கம்பியில் தடுமாறும். செங்காந்தளோ இலை நுனியையே சுருட்டிப் பிடிக்கும். மிளகு கணுவுக்குக் கணு வேர்விட்டு ஒட்டும். அதற்குச் சொரசொரத்த மரப்பட்டைதான் தோது.

எனக்கு வேலைக்குச் சொல்லிவைக்கிறேன் என்ற பெரிய மனிதர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றிக்கொள்ள எனக்கு நீளம் போதவில்லை. தட்டச்சு நிலையம் வைத்திருந்த ஒருவர், மாலையில் சும்மா கிடந்த மெஷினில் காசு வாங்காமல் பழக விட்டார். அது பிடிக்க வாகாக இருந்தது. உதவுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் கையில் இருக்கும் கழியைத்தான் ஊன்றுகிறார்கள்.

வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் அப்படியில்லை. முதலில் அகத்தியை விதைத்து, அது தலையெடுத்த பிறகே வெற்றிலையை நடுவார்கள். வேர்விட்டுப் பற்றும் கொடிதான் என்றாலும் நார் கொண்டு அகத்தியோடு சேர்த்துக் கட்டுவார்கள். நிழல் மிஞ்சினால் அகத்தியைக் கழித்து ஆட்டுக்குப் போடுவார்கள். கொடி எட்டாத உயரம் போனால் இறக்கி, தண்டை மண்ணில் சுருட்டிப் பதித்து மறுபடி ஏற்றுவார்கள். கொடிக்குப் பார்க்கிற பாட்டில் பாதி, கொழுகொம்புக்குப் பார்ப்பது.

மாடிக்காரர்களுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. கழி வாங்கக் கிளம்புமுன் குனிந்து கணுவைப் பார்த்தால் போதும்: கம்பியா, வேரா, வெறும் தண்டா? பாகலென்றால் ஒரு சணல் சுருளோடு செலவு முடிந்துவிடும்.