வாப்பாவின் ஒலிநாடாக்கள்

வளைகுடாவுக்குச் சென்றவர்கள் ஒரு காலத்தில் கடிதம் எழுதியதோடு நிற்கவில்லை. ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வரும் நண்பர் கையில் கொடுத்தனுப்பினார்கள். மர்ஹூம் என் வாப்பா அவர்கள் 1981 முதல் 1990 வரை தம்மாமிலிருந்து அவ்வாறு அனுப்பிய நாடாக்கள் 38 எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தன. உம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. "அவங்க கொரலையாச்சும் கேக்கணும் வாப்பா" என்று அவர்கள் ஒரு நாள் என்னிடம் கூறியதிலிருந்து இந்த வேலை தொடங்கிற்று.

தங்கை மகன் விடுமுறையில் வந்தபோது நாடாக்களை ஓடவிட்டு, கணினிக் கோப்புகளாக மாற்றி, வெளி வன்தட்டு ஒன்றில் சேர்த்துத் தந்தான். வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்தே அவற்றை எடுத்துக் கேட்பதற்காக, லினக்ஸ் ஓடும் பழைய கணினியில் ஜெல்லிஃபின் என்னும் கட்டணமற்ற மென்பொருளையும் நிறுவினான். "ஃபோல்டரைக் காட்டினாப் போதும் மாமா" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினான். நானோ கல்லூரியில் வரலாறு படித்து, மதரஸாவில் பாடம் நடத்துபவன்.

கோப்புறையைக் காட்டினேன். நூலகம் வெறுமையாக இருந்தது. என் கணக்கில் திறந்தால் 38 கோப்புகளும் தெரிகின்றன. மென்பொருளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. காரணம் பிறகே விளங்கியது. அந்த மென்பொருள் என் பெயரில் இயங்குவதில்லை. தனக்கென உள்ள வேறொரு பயனர் பெயரில் இயங்குகிறது. வன்தட்டோ எனக்கு மட்டுமே திறந்திருந்தது. உள்ளறையைத் திறந்து வைத்தாலும் தலைவாசல் பூட்டியிருந்தால் விருந்தாளி எப்படி வருவார்? மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கோப்புறையிலும் நுழைய அனுமதி வேண்டும், கோப்புறையையும் கோப்பையும் படிக்கவும் அனுமதி வேண்டும். அவ்வளவே போதும். நான் பொறுமையிழந்து, எழுதவும் அழிக்கவும்கூட எல்லாருக்கும் அனுமதி கொடுத்துவிட்டேன். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

இடையில் ஒரு வேடிக்கை. தங்கையின் கல்யாண ஒளிப்பதிவை 'நிக்காஹ்' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டு, திரைப்படங்களுக்கான நூலகத்தில் சேர்த்திருந்தேன். மென்பொருள் இணையத்தில் தேடி, 1982-இல் வந்த அதே பெயருள்ள இந்திப் படத்தின் சுவரொட்டியை அதன்மேல் ஒட்டிவிட்டது. அது தலாக்கைப் பற்றிய படம்! தங்கை பார்ப்பதற்குள், இணையத்தில் தேடாத 'வீட்டு ஒளிப்பதிவுகள்' வகைக்கு அதை மாற்றினேன்.

வாப்பாவின் நாடாக்கள்தாம் பெருந்தொல்லையாயின. கோப்புகளுக்கு ஆண்டும் எண்ணும் இட்டுப் பெயர் மாற்றியும், திரையில் 38-ம் 'டிராக் 1' என்றே நின்றன. இசை நூலகம் கோப்பின் பெயரைவிட, கோப்புக்குள் பதிந்திருக்கும் குறிப்புக்கே முதலிடம் தருகிறது. பதிவு செய்த மென்பொருள் எல்லாவற்றிலும் ஒரே தலைப்பை எழுதியிருக்கிறது. இதை அறியாத நான், ஒன்றே பலமுறை வந்துவிட்டது என்று கருதி, ஒன்றை 'நீக்கு' என அழுத்தினேன். பட்டியலிலிருந்து மட்டும் போகும் என்று நினைத்தேன். கோப்பே வன்தட்டிலிருந்து போய்விட்டது. நூலகத்தை நீக்கினால் கோப்புகள் அழிவதில்லை. உருப்படியை நீக்கினால் அழியும். படிக்கும் அனுமதி மட்டும் கொடுத்திருந்தால் அதுவும் நடந்திராது.

போனது 17-ஆம் நாடா, 1985-ஆம் ஆண்டுடையது. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மறுநாள் முதல் வேலையாக மீதமிருந்த 37 கோப்புகளையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்தேன்; எழுதும் அனுமதியைத் திரும்பப் பெற்றேன். பின்னர் கிட்3 என்னும் மென்பொருளால் கோப்புப் பெயர்களையே உட்குறிப்புகளாக எழுதி, நூலகத்தை மறுபடி அலசச் செய்தேன். பெயர்கள் தமிழிலேயே வரிசையாக வந்து நின்றன.

17-ஆம் நாடாவை மீண்டும் ஓடவிட்டேன். முதல் பக்கம் முழுதாகக் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில் கருவி நாடாவைக் கடித்துக் கசக்கிவிட, சில நிமிடங்கள் வெறும் இரைச்சலாயின.

உம்மாவிடம் மறைக்கவில்லை. அந்த இடம் வந்ததும், நான் நிறுத்தப் போனேன். அவர்கள் கையமர்த்தி, "இங்கதான் ஒனக்குச் சைக்கிள் வாங்கி வர்றதாச் சொல்லுவாங்க. அப்புறம் மழையப் பத்திக் கேப்பாங்க" என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார்கள். சைக்கிள் பேச்சு எனக்குச் சிறிதும் நினைவில்லை.

மறுநாள் அவர்களை மீண்டும் சொல்லச் செய்து, கைபேசியில் பதிந்து, உட்குறிப்பில் உம்மாவின் பெயரை எழுதி, 17-ஆம் நாடாவின் கோப்புறையிலேயே வைத்திருக்கிறேன்.