ஆறு அங்குலம்

நமது தாயார் ஊரில் தரையில் அமர்ந்து, அரிவாள்மணையில் காய் நறுக்கிப் பழகியவர். முழங்கால் வலி கண்டபின் அவ்வாறு அமர்தல் இயலாது போயிற்று. மௌலா அலியில் நாம் வாழும் வீட்டின் சமையல் மேடையோ 34 அங்குல உயரம். நின்றே வேலை செய்ய வேண்டும். அரைமணி நேரம் நின்றால் அவருக்குக் கால் வீங்கிவிடும். எனினும் வேலையை விட அவர் இசையவில்லை. ஆகவே மேடையருகே அமர்வதற்கு உயரமான மர ஸ்டூல் ஒன்றை நம் கையாலேயே செய்து தருவதென முடிவு செய்தோம்.

மரத்திற்கு எங்கே போவது? பழைய ஸ்லீப்பர் கட்டை ஒன்றைக் கொணர்ந்தால் ஆயுளுக்கும் உழைக்குமே என்று நண்பர் ஒருவர் ஆசை காட்டினார். ரயில்வேயின் பொருளை முறையின்றி வைத்திருத்தல் 1966ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகும். அன்றியும், அக்கட்டைகள் செல்லரிக்காதிருக்கக் கிரியோசோட் என்னும் தாரெண்ணெய் ஊட்டப்பெற்றவை; உடலுக்குத் தீங்கானவை; அடுக்களைக்கு ஆகா. எனவே, இடித்த வீடொன்றின் தேக்குச் சட்டங்களை மரக்கடையில் விலைகொடுத்து வாங்கினோம். பழந்தேக்கு நன்கு உலர்ந்தது, எளிதில் சுருங்காது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்தோம். கால்களில் உளியால் சதுரத் துளையிட்டு, குறுக்குச் சட்டங்களின் முனைகளை அதற்கேற்ப இழைத்து, பசை தடவிச் செருகினோம். நாற்புறமும் கயிறு சுற்றி, அதனிடையே குச்சியை நுழைத்து முறுக்கி, ஒருநாள் முழுதும் இறுக்கி வைத்தோம். பின்பு மேற்பலகையைத் திருகாணியால் பொருத்தி, உப்புத்தாளால் தேய்த்தோம். உயரம் 30 அங்குலம். ஓட்டலில் கண்ட ஸ்டூலின் அளவு அது.

தாயார் ஏறி அமர்ந்து, "நல்லாயிருக்கு தம்பி" என்றார். நமக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து இல்லாள் மெல்லக் கூறினாள்: "நீங்கள் ஆபீஸ் போனதும் அத்தை நின்றுகொண்டேதான் வேலை செய்கிறார். ஸ்டூலில் ஏறுவதற்கே கால் வலிக்கிறதாம். உங்கள் மனம் நோகுமென்று சொல்லவில்லை."

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அண்டை வீட்டுப் பெரியவர் லாலாகுடா ரயில்வே பணிமனையில் தச்சராயிருந்து ஓய்வுபெற்ற தெலுங்கர். அவரிடம் ஸ்டூலைக் காட்டினோம். "வேலை சுத்தம். ஆனால் யார் உட்கார?" என்று கேட்டார். ஓட்டல் மேடை 40 அங்குலத்திற்கும் மேற்பட்டது. அதற்குத்தான் 30 அங்குல இருக்கை. வீட்டு மேடைக்கு அதனினும் 10 அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும் என்றார்.

குறைக்கும் முறையையும் அவரே கற்பித்தார். சமதரையில் ஸ்டூலை நிறுத்தி, ஆறு அங்குலக் கட்டையொன்றின் மீது பென்சிலைக் கிடத்தி, நான்கு கால்களையும் சுற்றிக் கோடிட்டோம். கோட்டின்படி அறுத்தபின் ஸ்டூல் சிறிதும் ஆடவில்லை. கால் வைக்கும் சட்டமும் 12 அங்குலத்திலிருந்து ஆறுக்கு இறங்கியமையால், அதுவே ஏறுவதற்கொரு படியாயிற்று.

மறுநாள் தாயார் அதில் அமர்ந்தார். இம்முறை அவர் ஒன்றும் பாராட்டவில்லை. "அந்த முருங்கைக்காயை இப்படி எடு" என்றார். அறுத்த நான்கு துண்டுகளும் இப்போது குழந்தைகளின் ரயில்பெட்டிகள்.

அன்பர்களே, ஊர்விட்டு ஊர் வந்த நம் இல்லங்களில் முதியோர் பலர் குறை சொல்லாதவர்கள். அவர்களுக்கென ஒன்றைச் செய்யுமுன் அவர்களையே அருகமர்த்தி அளவெடுப்போமாக.