எங்கள் பாடசாலையின் கிளை

சென்ற விடுமுறையில் எம் பேத்தியை அழைத்துக்கொண்டு எருக்கலம்பிட்டிக்குப் போயிருந்தோம். மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் வீதியில் சென்று, ஊருக்குப் பிரியும் பாதையில் திரும்பியதும் பனைகளும், வெண்மணலும், யாருக்கும் வழிவிடாத கழுதைகளும் எம்மை வரவேற்றன. மத்திய கல்லூரியின் வாயிலில் நின்று பெயர்ப் பலகையை அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு எம்மை நோக்கி, “மூத்தவாப்பா, இது எங்கட ஸ்கூல்ட பிராஞ்சா?” என்று கேட்டாள்.

அவள் படிப்பது புத்தளம் பாலாவியை அடுத்த நாகவில்லுவில். அங்குள்ள பாடசாலையின் பெயரும் எருக்கலம்பிட்டிதான். மூலத்தைக் கண்டு கிளையா என்று கேட்ட குழந்தைக்கு நாம் அப்போது விடை சொல்லவில்லை. வாசகர்களுக்கேனும் சொல்லிவிடலாம் என்றே இதனை எழுதுகின்றோம்.

எம் வாப்பாவின் காலத்தில் எம்மூரில் ஓதப் பள்ளிக்கூடம் இருந்தது; அதற்கு மேல் படிக்க விரும்பியவன் மன்னார் நகருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகவேண்டும். ஆங்கிலக் கல்விக்குக் கட்டணம் உண்டு. மீன் பிடிக்கும் குடும்பத்துக்கு அது எட்டாத கனி. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அந்த 1940களில் நாட்டுப்புறங்களை நாடிச் சென்ற மத்திய பாடசாலைகளுள் ஒன்று எம்மூருக்கும் வாய்த்தது. நகரத்துக்குப் பிள்ளை போவதற்குப் பதிலாக நகரத்துப் படிப்பு பிள்ளையைத் தேடி வந்தது. எம்மூர்ப் பெரியவர்கள் அதனை மழையைப் போல் எண்ணிப் பேசியதை நாம் கேட்டிருக்கின்றோம்.

வாப்பாவுக்கு அறபுத்தமிழ் நன்றாக வாசிக்க வரும். குர்ஆன் எழுத்திலே தமிழை எழுதிய கிதாபுகளை இராந்தல் வெளிச்சத்தில் இராகமாகப் படிப்பார். ஆனால் தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆகவே எம் தேர்ச்சி அறிக்கையை நாமே அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். கணிதத்தில் நாம் பெற்ற முப்பத்தொன்று, வாசிக்கும்போது அறுபத்தொன்றாகிவிடும். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் இதனை ஒப்புக்கொள்வதில் பிழையில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்றே இப்போது எண்ணுகின்றோம்; ஏனெனில் அடுத்த தவணையில் அவர் அறிக்கையைக் கேட்கவில்லை, கணித ஆசிரியரின் வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்பினார்.

படித்த பாடசாலையிலேயே படிப்பிக்கும் பாக்கியமும் எமக்குக் கிடைத்தது. 1990ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்பு எம் பொறுப்பிலிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் உத்தரவிட்டனர். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் இரண்டு வாரங்களுக்குள் வீடிழந்தனர். எம்மூரில் பிறந்தவரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராயிருந்து 2018இல் காலமானவருமான ஹஸ்புல்லாஹ், அந்த இழப்பைக் கணக்கெடுத்து எழுதுவதிலேயே தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். நாம் அதனை விரிக்க வேண்டியதில்லை.

கரையில் வள்ளத்துக்காகக் காத்திருந்தபோது எம் பையில் இரண்டு சாரமும், ஒரு குர்ஆனும், வகுப்பின் வரவு இடாப்பும் இருந்தன. இடாப்பை ஏன் எடுத்தோம் என்று மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். தலையணை உறையில் தேங்காய் துருவியை வைத்துக் கட்டியவள் அவள். எம்மைக் கேட்க அவளுக்கு உரிமையில்லை.

கல்பிட்டிக் கரையில் இறங்கி, தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில் போட்டோம். புத்தளத்து மக்கள் சோறு தந்தார்கள். தம் பிள்ளைகள் வீடு சென்ற பின், பிற்பகலில் தம் பாடசாலைகளையும் தந்தார்கள். முதல் நாள் இடாப்பைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டோம். முப்பத்தெட்டுப் பெயர்களில் பதினொருவர் “இருக்கிறேன் சேர்” என்றனர். மற்றவர்கள் எந்த முகாமில் இறங்கினார்கள் என்பதை அறிய மாதங்கள் பிடித்தன.

காலம் போகப் போக எம்மூரவர் நாகவில்லுவில் காணி வாங்கிக் குடியேறினர். பாடசாலையும் எழுந்தது. அதற்கு வேறு பெயர் வைக்கவேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. ஊரைத்தான் விட்டுவந்தோம், பெயரையுமா விடுவது?

போர் 2009இல் முடிந்தது. தீவுக்குப் புதுப் பாலம் 2010இல் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னார்வரை இரயிலும் மீண்டும் ஓடத் தொடங்கியது. திரும்பியோர் உண்டு, ஊர்ப் பாடசாலையில் மீண்டும் மணி அடிக்கிறது. நாமும் பழைய வளவில் இரண்டு அறைகள் கட்டினோம். ஆனால் மகன் வரவில்லை. “பிள்ளைட படிப்பு குழம்பிடும் வாப்பா” என்கிறான். கேட்டால் கோபம் வருகிறது. எனினும், படிப்புக்காக மீன் கொடுத்தனுப்பிய வீட்டில் பிறந்த நாம் அவனுக்கு என்ன மறுமொழி சொல்வது? அகதிப் பிள்ளைகள் கெட்டுப்போகாதிருக்க நாமே கிடுகு கட்டி வளர்த்த பாடசாலையல்லவா இன்று அவனைப் பிடித்து வைத்திருக்கிறது!

அன்று எருக்கலம்பிட்டிக்கு நாம் வீணாகப் போகவில்லை. இடாப்பை அதிபரிடம் ஒப்படைக்கவே கொண்டுபோனோம். அதன் இடம் அதுதான் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணியிருந்தோம். பேத்தியின் கேள்விக்குப் பின் கை வரவில்லை. பதினொருவர் மறுமொழி சொன்ன பக்கம் எந்தப் பாடசாலைக்கு உரியது? அதிபர் தந்த தேநீரைக் குடித்து, சுகம் விசாரித்து, பையை மூடியபடியே எழுந்துவிட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் பேத்தி இடாப்பை எடுத்து மடியில் விரித்தாள். மஞ்சளேறிய தாள்களில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள், ஊரில் கடைசியாக வகுப்பு நடந்த நாளில் நின்றாள். அங்கே அவள் வாப்பாவின் பெயருக்கு நேரே, வராதோருக்கு இடும் சுழி.

“வாப்பா அண்டைக்கு ஸ்கூலுக்குப் போகல்லியா?”

“காய்ச்சல் என்று படுத்திருந்தான். பொய்க் காய்ச்சல்.”

அவள் கைபேசியை எடுத்துவிட்டாள். பாலம் தாண்டுமுன் நாகவில்லுவில் மணி ஒலித்திருக்கும்.