பூட்டிய லேப்டாப்புக்குள் பாட்டியின் குரல்! - 13 வருட இலவச லேப்டாப் மறுபடி எழுந்த கதை

ஆவடியில் ஒரு வாடகை வீடு. பீரோ மேல் பழைய புடவையில் சுற்றிவைத்த ஒரு லேப்டாப். மூடியில் தமிழக அரசின் கோபுர முத்திரை.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா லேப்டாப் திட்டம் நினைவிருக்கிறதா? அடுத்த வருடமே பிளஸ் டூ மாணவியாக அந்த லேப்டாப்பை வாங்கி வந்தவர் இந்த வீட்டுச் சித்தி. அந்தக் குடும்பத்துக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். இன்று அவருக்குக் கல்யாணமாகி, பூந்தமல்லியில் குடியிருக்கிறார். லேப்டாப் மட்டும் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டது.

அக்கா மகன் இப்போது அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். சி++ எழுதிப் பார்க்க வேண்டும். பாடப்புத்தகத்திலேயே உபுண்டு லினக்ஸ் பற்றிப் பாடம் இருக்கிறது. பள்ளி லேபில் கிடைக்கும் நேரம் போதவில்லை. புது லேப்டாப் கேட்டால் வீட்டு பட்ஜெட் தாங்காது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. கேட்கவே பையனுக்கு மனசு வரவில்லை.

புடவையைப் பிரித்தான். ஸ்விட்ச் போட்டால் விண்டோஸ் 7 வருவதற்குள் அம்மா ஒரு காபி போட்டு முடித்துவிடுவார். அந்த விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. நண்பன் சொன்னபடி லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவில் ஏற்றிச் செருகினான். பென்டிரைவிலிருந்து கிளம்ப வேண்டுமானால் முதலில் பயாஸ் செட்டிங்கை மாற்ற வேண்டும். அதற்குள் நுழையப் போனால், பாஸ்வேர்டு கேட்டது!

சித்திக்கு போன் போனது. "ஹாஸ்டல்ல யாரும் நோண்டக் கூடாதுன்னு போட்டேன்டா... என்ன போட்டேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல." அம்மா பெயர், பிறந்த தேதி, பிடித்த ஹீரோ பெயர் என எல்லாம் சொல்லிப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை.

எட்டுக் கால் வாட்ச்மேன்

பயாஸ் என்பது என்ன? மதர்போர்டில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, எட்டுக் காலோடு ஒரு சிப் உட்கார்ந்திருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது அதில் எழுதியிருக்கும் நிரல்தான். கீபோர்டு, ராம், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டு, 'யாரை உள்ளே விடலாம்' என்று முடிவு செய்வதும் அதுவே. விண்டோஸோ லினக்ஸோ, இந்த வாட்ச்மேனைத் தாண்டித்தான் வர வேண்டும். இதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். புது லேப்டாப்களில் இதன் பெயர் யுஇஎஃப்ஐ.

இந்த நிரலையே மாற்றி எழுதும் முயற்சி உலக அளவில் பழையது. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் 1999-ல் ரான் மின்னிச் தொடங்கிய லினக்ஸ்பயாஸ் திட்டம், பிறகு கோர்பூட் என்று பெயர் மாறியது. இன்றைய குரோம்புக்குகள் விழித்தெழுவது அதன் உதவியில்தான். ஆவடி பையனுக்கு அவ்வளவு பெரிய மாற்றம் தேவையில்லை. பூட்டு திறந்தால் போதும்.

"மொதல்ல காப்பி எடு தம்பி"

அம்மாவும் மகனும் அம்பத்தூர் ஓ.டி பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "இது யாருதுக்கா?" சித்தியிடம் வீடியோ காலில் பேசி, உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டார். திருட்டு லேப்டாப்பும் இப்படித்தான் கடைக்கு வருமாம்.

"உள்ள இருக்கிற சின்ன பேட்டரியைக் கழட்டுனா பாஸ்வேர்டு போயிடும்னு சொல்றாங்களேண்ணா?"

"அது பழைய டெஸ்க்டாப்ல தம்பி. லேப்டாப்ல பெரும்பாலும் சிப்லயே பதிஞ்சிருக்கும். சிப்பைப் படிச்சு, பாஸ்வேர்டு இருக்கிற இடத்தைச் சுத்தம் பண்ணி, திருப்பி எழுதணும். தப்பாச்சுன்னா ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. மொதல்ல ஹார்டு டிஸ்க்கைக் காப்பி எடுத்துடு."

அம்மாவுக்குக் கை நடுங்கியது. "தங்கச்சி மார்க் எடுத்து வாங்குனது. கெட்டுப்போச்சுன்னா அவகிட்ட என்ன சொல்றது?" மறுபடி போன். "அக்கா, பீரோ மேல சும்மாதானே கெடக்கு. அவன் படிக்கட்டும்" என்றார் சித்தி.

அன்று இரவே வீட்டில் காப்பி எடுக்க உட்கார்ந்தான் பையன். கல்லூரி போட்டோக்கள், சினிமா பாட்டு, நடுவில் 'வீடு' என்று ஒரு ஃபோல்டர். திறந்தால் ஓர் ஆடியோ. நாலு வருடம் முன்பு இறந்துபோன பாட்டியின் குரல்! "இதுல பேசுனா கேக்குமாடி? என்னத்த பேசறது... சாப்ட்டியா?" அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு வந்த அம்மா, அதை மூன்று முறை போடச் சொன்னார். அப்பாவின் போன், சித்தியின் போன், ஒரு பென்டிரைவ் என மூன்று இடத்தில் அந்தக் குரல் பத்திரமானது.

மறுநாள் கடையில் சிப்பின் எட்டுக் காலையும் ஒரு கிளிப் கவ்வியது. யுஎஸ்பி கருவி வழியாக உள்ளிருந்ததை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டார் கடைக்காரர். அசலை அப்படியே தனியாகச் சேமித்தார். ஒரு பிரதியில் மட்டும் கைவைத்து, அதைச் சிப்பில் எழுதினார். பவர் பட்டனை அழுத்தியதும் சில நொடிகள் கறுப்புத் திரை. அம்மா சாமியைக் கூப்பிட்டுக்கொண்டார். பிறகு... பாஸ்வேர்டு கேட்காமல் பயாஸ் திறந்தது!

ராம் 2 ஜிபியிலிருந்து 4 ஜிபி ஆனது, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி வந்தது. லினக்ஸ் மின்ட்டைப் பையனே இன்ஸ்டால் செய்தான். தமிழ்99 கீபோர்டும் அதில் வேலை செய்கிறது. சொல்லப்போனால் லினக்ஸ் இந்த லேப்டாப்புக்குப் புதிதல்ல. அன்று விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். அதை உருவாக்கியது சென்னை சி-டாக். அப்போது யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை!

நீங்களும் முயல்வதாக இருந்தால்...

* முக்கியமான ஃபைல்களை இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள்.

* புது லேப்டாப்களில் செக்யூர் பூட்டை எடுத்தவுடன் அணைக்காதீர்கள். உபுண்டு, ஃபெடோரா போன்றவை அது இருந்தாலே இன்ஸ்டால் ஆகும்.

* விண்டோஸில் பிட்லாக்கர் இருந்தால், ரெக்கவரி கீயை எழுதிவைத்த பிறகே பயாஸில் கைவையுங்கள். இல்லையென்றால் உங்கள் ஃபைல்களே உங்களுக்குத் திறக்காது.

* பயாஸ் அப்டேட் பாதியில் இருக்கும்போது கரன்ட் போனால் லேப்டாப் முடங்கலாம். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் கூடுதல் கவனம். மாதாந்தரப் பராமரிப்பு மின்தடை நாளில் வேண்டவே வேண்டாம்.

* சிப்பில் எழுதும் வேலையை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது பவர் பட்டனை அழுத்தினால், அம்மா காபிக்குப் பால் வைப்பதற்குள் லேப்டாப் தயார். பையன் புது பாஸ்வேர்டு போட்டிருக்கிறான். கேஸ் சிலிண்டர் புக் பண்ணிய தேதிகளைக் குறித்துவைக்கும் நோட்டில், கடைசிப் பக்கத்தில் அதை எழுதி வாங்கிக்கொண்டார் அம்மா.

"இன்னொரு தடவை மறந்துட்டு நின்னா, யாருகிட்டடா போய் கேக்கறது?"