வெள்ளி போன வழி

பொலிவியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் உயூனி உப்பு வெளியின் படத்தைப் பார்த்து மயங்கித்தான் கிளம்புகிறார்கள். என்னை இழுத்தது போட்டோசி என்ற பழைய சுரங்க நகரம்.

விமானம் இறங்குவது லா பாஸுக்கு மேலே இருக்கும் எல் ஆல்ட்டோவில். உயரம் 4,000 மீட்டருக்கும் அதிகம். பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கியது, தலை விண்விண்ணென்று தெறித்தது. விடுதியில் கோக்கா இலை போட்ட வெந்நீர் கொடுத்தார்கள். வெளியுலகம் போதைப் பட்டியலில் வைத்திருக்கும் அந்த இலையைப் பொலிவியாவின் 2009 அரசியல் சட்டம் பண்பாட்டுச் சொத்தாகக் காக்கிறது.

லா பாஸில் வசதியானவர்கள் பள்ளத்தில் வசிக்கிறார்கள். அங்கே குளிர் குறைவு, காற்றும் சற்றுத் தாராளம். மேலே ஏற ஏற ஏழைகளின் செங்கல் வீடுகள். 2014-இல் ஓடத் தொடங்கிய ரோப் கார்கள் இந்த இரண்டு உலகங்களையும் இணைத்திருக்கின்றன. என் எதிரே மடிப்புப் பாவாடையும் வட்டத் தொப்பியும் அணிந்த இரண்டு ஐமாராப் பூர்வகுடிப் பெண்கள் ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். 1952 புரட்சிக்குப் பிறகுதான் இவர்களின் பாட்டிமாருக்கு வாக்குரிமை வந்தது. 2006-இல் எவோ மொராலெஸ் என்ற ஐமாரா அதிபரானார். இன்று ஸ்பானிஷோடு 36 பூர்வகுடி மொழிகளும் ஆட்சிமொழிகள். சட்டப்படி தலைநகர் சுக்ரே. அரசு நடப்பது லா பாஸில்.

சிலியோடு 1879-இல் மூண்ட போரில் கடற்கரை முழுவதையும் இழந்த நாடு இது. ஆனாலும் கடற்படை இல்லாமல் இல்லை. டிட்டிகாகா ஏரியில் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் மார்ச் 23 அன்று கடலை நினைத்து ஊர்வலம் போகிறார்கள். கடலுக்கு வழி கேட்கும் பொலிவியாவோடு சிலி பேச்சு நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2018-இல் சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊர்வலம் நிற்கவில்லை.

போட்டோசியில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் செர்ரோ ரிக்கோ மலை தெரிகிறது. 1545-இல் அதில் வெள்ளி இருப்பதை அறிந்தார்கள் ஸ்பானியர்கள். கிராமத்துக்கு இத்தனை ஆண்கள் என்று முறைவைத்துப் பூர்வகுடிகளைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். அந்த வெள்ளி ஸ்பெயின் மன்னர்களின் போர்களுக்குச் செலவானது, சீனாவின் சந்தை வரைக்கும் போனது. ஊரில் நிற்கும் பழைய நாணயச் சாலையில், கோவேறு கழுதைகள் சுற்றிய பிரம்மாண்டமான மர எந்திரங்களைப் பார்த்தேன். அவை வெள்ளியைத் தகடாக நசுக்கியவை.

மலை இன்னும் ஓயவில்லை. கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்த தொழிலாளர்கள் மிச்சமிருக்கும் வெள்ளீயத்தையும் துத்தநாகத்தையும் வெட்டுகிறார்கள். உள்ளே போகிறவர்கள் அவர்களுக்குக் கோக்கா இலை, குளிர்பானம், டைனமைட் குச்சி என்று வாங்கிப் போவது வழக்கம். எல்லாம் கடைத்தெருவில் கிடைக்கிறது. குனிந்தும் தவழ்ந்தும் போன குகையின் ஒரு முடுக்கில், கொம்பு வைத்த களிமண் சாமி. பெயர் 'தியோ', அதாவது மாமா. அதன் வாயில் சிகரெட், மடி நிறைய கோக்கா இலை. மேலே தேவாலயத்தில் ஏசுவை வணங்குகிறவர்கள், பூமிக்குள் உயிரை இவரிடம்தான் ஒப்படைக்கிறார்கள். கல்தூசி படிந்து நுரையீரல் கெட்டு இளம் வயதிலேயே சாகிறவர்கள் ஏராளம். குடைந்து குடைந்து மலையின் உச்சியே உள்வாங்கத் தொடங்கிவிட்டது. 2014-இல் யுனெஸ்கோ இந்த நகரை ஆபத்திலிருக்கும் மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது.

வெள்ளி, பிறகு வெள்ளீயம், பிறகு எரிவாயு. ஒவ்வொன்றும் நாட்டை விட்டுப் போனபோது பின்தங்கியது மக்கள்தான். 2006-இல் எரிவாயுவை அரசு தன் பிடிக்குள் கொண்டுவந்ததும் வறுமை கண்கூடாகக் குறைந்தது. நிலத்தடிச் செல்வத்தில் மக்களுக்கு ஒரு பங்கு கிடைத்த அரிய காலம் அது. பின்னர் எரிவாயு உற்பத்தி சரிந்தது, டாலர் தட்டுப்பாடு வந்தது, பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. 2025 தேர்தலில் மொராலெஸ் வளர்த்த கட்சி ஆட்சியை இழந்தது.

அடுத்தது லித்தியம். 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த உயூனி உப்பு வெளிக்கு அடியில், உலகின் மிகப் பெரிய லித்தியம் வளங்களில் ஒன்று கிடக்கிறது. நம் கையிலிருக்கும் செல்பேசிகளுக்கும் நாளை ஓட்டப்போகும் மின்வண்டிகளுக்கும் அது வேண்டும். மூலப்பொருளாக அள்ளிக் கொடுக்காமல், பேட்டரி வரைக்கும் இங்கேயே செய்ய வேண்டும் என்று பொலிவியர்கள் பிடிவாதம் பிடிப்பதைப் பலர் குறை சொல்கிறார்கள். செர்ரோ ரிக்கோவுக்குள் போய்வந்த எனக்கு அந்தப் பிடிவாதம் முழு நியாயமாகவே படுகிறது.

உயூனிக்குப் போகிறவர்கள் முதலில் போட்டோசியில் இறங்குங்கள். அங்கிருந்து உப்பு வெளிக்குப் பேருந்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான்.